‘ண’வில் ஒரு பெயர் சொல்லுங்கள்

எங்கள் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தால் முதல் போன் ஜோசியருக்கு, அடுத்த போன் எனக்கு. வீட்டில் நாலு அகராதி வைத்திருக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்கு இந்தத் தண்டனை. “சித்தப்பா, பையனுக்கு நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க, அர்த்தத்தோட” என்பார்கள். குரலில் அப்படி ஒரு பணிவு இருக்கும். அதை நம்பி ‘செழியன்’ என்று வாயைத் திறந்தால் போதும், நிபந்தனைகள் வரிசையாக வந்து விழும். முதல் எழுத்து இன்னது. கூட்டுத்தொகை இன்னது. மூன்று எழுத்தைத் தாண்டக்கூடாது. மாடர்னாக இருக்க வேண்டும், ஆனால் சாமி பெயராகவும் இருக்க வேண்டும். தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இருக்கக்கூடாது. நாளைக்கு அமெரிக்கா போனால் அங்கே இருக்கிறவன் வாயில் நுழைய வேண்டும். ஆச்சி வாயில் நுழைய வேண்டும் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் இந்த எழுத்து விவகாரம். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து, ஆக 108 எழுத்து. அசுவினியில் பிறந்த பிள்ளைக்கு சு, சே, சோ, ல. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. இதெல்லாம் பிழைத்துக்கொள்ளலாம். பையன் அஸ்த நட்சத்திரத்தில் பிறந்துவிட்டான் என்று வையுங்கள்: பூ, ஷ, ண, ட. மூன்றாம் பாதம் என்றால் ‘ண’. திருவாதிரை மூன்றாம் பாதம் என்றால் ‘ங’. டவும் ணவும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். ‘ங’வாவது அங்ஙனம், இங்ஙனம் என்று எதையாவது பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். ‘ண’வுக்கு அந்த வழியும் இல்லை. “ணவீன்னு வைக்கலாமா சித்தப்பா?” என்று ஒருவன் உண்மையாகவே கேட்டான். விவரம் தெரிந்த ஜோசியர்கள் ணவுக்குப் பதில் ந போட்டுக்கொள் என்று வழி விட்டுவிடுவார்கள். ஜோசியர் விட்டாலும் இவர்கள் விடுவதில்லை.

பழைய காலத்துப் புரோகிதர்கள் இந்தச் சிக்கலைத் தெரிந்தே ஒதுக்கி வைத்திருந்தார்கள். நட்சத்திரப் பெயர் சடங்குக்கு, கூப்பிடுகிற பெயர் வேறு. ஆண் பிள்ளையின் பெயரில் அசைகள் இரட்டைப்படையில் வர வேண்டும், பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படையில் என்றெல்லாம் கிருஹ்ய சூத்திரங்கள் விதி சொல்கின்றன. தாய் தகப்பனுக்கு மட்டும் தெரிந்த மறைபெயர் ஒன்றையும் அவை சொல்கின்றன. காதில் சொல்ல ஒன்று, தெருவில் கூப்பிட ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டதால் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. நாம்தான் இரண்டையும் ஒரே பெயருக்குள் திணித்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் அதையே ஏற்றிவிட்டு மூச்சுத் திணறுகிறோம்.

எழுத்து அமைந்தால் எண் அமையாது. நம் ஊரில் எண் கணிதம் என்ற பெயரில் ஓடுகிற கணக்கில் பெரும்பகுதி ‘கீரோ’ பரப்பிய பட்டியல். கீரோ என்பது புனைபெயர். ஆசாமியின் சொந்தப் பெயர் வில்லியம் ஜான் வார்னர், அயர்லாந்தில் பிறந்தவர், காலம் 1866 முதல் 1936 வரை. அவர் பட்டியலில் ஏ, ஐ, ஜே, கியூ, ஒய் ஐந்துக்கும் மதிப்பு 1. பி (B), கே, ஆர் மூன்றுக்கும் 2. இப்படிப் போய் எட்டோடு நின்றுவிடும், 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. கூட்டினால் 4 வந்தால் ராகு, 7 வந்தால் கேது, 8 வந்தால் சனி என்று நம் கிரகங்களை அதற்கு மேல் ஏற்றி உட்கார வைத்தாயிற்று.

இந்தக் கணக்கு ஒரு நல்ல பெயரை என்ன பாடு படுத்தும் என்று பாருங்கள். ‘பாரி’ என்று சொன்னேன். சின்னப் பெயர், வள்ளல் பெயர், பறம்பு மலைத் தலைவன் பெயர், யார் வாயிலும் நுழையும். ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டினார்கள். பி (P)-க்கு 8, ஏ இரண்டுக்கும் ஒவ்வொன்று, ஆர்-க்கு 2, ஐ-க்கு 1. மொத்தம் 13, சுருக்கினால் 4. ராகு! உடனே ஒரு ஏ-யை எடுத்தார்கள். 12, சுருக்கினால் 3, குரு, அமோகம். எடுத்த ஏ-யோடு நெடிலும் போய்விட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் அதை ‘பரி’ என்றுதான் படிப்பார். முல்லைக்குத் தேர் கொடுத்தவன், தேரை இழுத்த குதிரையாகிவிட்டான். செல்வம் என்ற பெயரும் இந்தக் கணக்கில் 22, அதாவது 4. ஆகாது. ஒரு ஏ கூட்டி ‘செல்வாம்’ ஆக்கினால் 23, அதாவது 5, புதன், செல்வம் கொட்டும். தமிழ் எழுத்தில் எழுதும் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கூட்டிப் பார்த்ததே இல்லை. நவக்கிரகங்கள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவை போலிருக்கிறது.

அடுத்தது, எந்தப் பிள்ளைக்கும் இல்லாத பெயர். இந்த ஆசைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இந்த ஆசையோடு கிளம்புகிற அத்தனை பேரும் ஒரே வாசலில் போய் நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஏதாவது ஒரு எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் நின்று வருகைப் பதிவேடு வாசிப்பதைக் கேளுங்கள்: ரக்ஷித், லக்ஷித், தக்ஷித், ஹர்ஷித், தர்ஷித், யஷ்வந்த், ஜஷ்வந்த், ரித்விக், க்ருத்விக், சாத்விக். டீச்சர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் மூன்று பையன்கள் ‘எஸ் மிஸ்’ சொல்கிறார்கள். முன்பு வகுப்பில் நாலு முருகன் இருந்தால் ஆர்.முருகன், கே.முருகன் என்று இனிஷியல் வைத்துப் பிரித்துக்கொள்வோம், யாருக்கும் சங்கடமில்லை. இப்போது ஒவ்வொருவனுக்கும் தனித்தனிப் பெயர். காதில் விழுவது எல்லாம் ஒன்று.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் அடிவயிற்றில் எரிகிற சங்கதி வேறு. அர்த்தம்.

“அர்த்தம் நல்லா இருக்கணும் சித்தப்பா” என்று சொல்லாதவர் இல்லை. அந்த அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவரும் இல்லை. போனில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். இடப் பக்கம் பெயர், வலப் பக்கம் பொருள். அந்த வலப் பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்: சூரியனின் முதல் கதிர், விஷ்ணுவின் அம்சம், சிவனின் மறுபெயர், வெற்றியாளன், இறைவனின் பரிசு, அறிவாளி. இந்த ஆறேழு பொருளைத்தான் ஆயிரம் பெயருக்கும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். துணிக்கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிற பையன் கைக்கு வந்ததை ஒட்டிக்கொண்டே போவானே, அந்த மாதிரி.

ஆரவ் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் மகள் வீட்டில் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, அழைப்பிதழில் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘அமைதி’ என்று அச்சடிக்கவும் கொடுத்துவிட்டார்கள். ஆரவம் என்றால் வடமொழியில் ஒலி, சத்தம், கூச்சல். மோனியர் வில்லியம்ஸ் அகராதி 1899-இலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. “ஆரவாரம்னு நாம சொல்றதில்லையா, அதக் கேட்டாலே தெரியலையா?” என்றேன். “பட்டியல்ல அமைதின்னு போட்டிருக்கே சித்தப்பா” என்றாள். “பட்டியல் தப்பு.” “எல்லாப் பட்டியல்லயும் அப்படித்தான் போட்டிருக்கு.” ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் எல்லாப் பட்டியலிலும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே தொட்டிலில் பிள்ளை வீறிட்டுக் கத்தினான். “பேரு சரியாத்தான் இருக்கு மாமா” என்று மாப்பிள்ளை சிரித்தார். அந்த வீட்டில் அகராதியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

ரேயான்ஷ் என்று ஒன்று வந்திருக்கிறது. பொருள், சூரியனின் முதல் கதிராம். மொழி, சமஸ்கிருதமாம். பின்பாதியில் இருக்கிற ‘அம்சம்’ வடமொழிதான், பங்கு என்று பொருள். முன்பாதியில் இருக்கிற ‘ரே’ கதிரைக் குறிப்பது ஆங்கிலத்தில். அத்விக் என்றால் ஒப்பற்றவனாம். ஒப்பற்றவனுக்கு அகராதியில் இருக்கிற சொல் அத்விதீயன். இனி ரியான். இஸ்லாமிய மரபில் ரய்யான் என்பது நோன்பிருந்தவர்கள் நுழையும் சொர்க்க வாசல். ரமலானில் பிறந்த பிள்ளைக்கு அதை வைத்தால் எவ்வளவு பொருத்தம்! அயர்லாந்துக்காரர்கள் ரயன் என்பதைக் குட்டி அரசன் என்று சொல்லிக்கொள்வார்கள், அதுவும் அவர்கள் மரபு. எங்கள் வீட்டுப் பட்டியலில் இதையும் சமஸ்கிருதம் என்று எழுதி, பக்கத்தில் விஷ்ணுவை உட்கார வைத்திருந்தது. வாசல் போயிற்று, அரசன் போயிற்று, மூன்று மதத்துக்கும் பொதுவாக ஒரு பொய் மிச்சம்.

எனக்கு எல்லாவற்றையும்விட வேடிக்கையாகப் பட்டது கிருஷ். பையனின் தாத்தா பெயர் கருப்பசாமி. “தாத்தா பேர வைக்கலாமே” என்றேன். அறை முழுக்க அமைதி, ஆரவ் வீட்டில் இல்லாத அமைதி. “அது ஒரு மாதிரி இருக்கும் சித்தப்பா. கிருஷ்ணா மாதிரி, கிருஷ்னு சுருக்கமா...” கிருஷ்ணன் என்றால் கருப்பன். வடமொழியில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருளே கருப்பு நிறம்தான். கருப்பசாமியும் கருப்பு, கிருஷ்ணனும் கருப்பு. அதைப் பாதியில் வெட்டி கிருஷ் என்று நிறுத்தினால் நிறமும் போய்விடும், சாமியும் போய்விடும். வடமொழியில் அது இழு, உழு என்கிற வினைச்சொல்லின் வேர். தாத்தா ஆயுள் முழுக்க உழுதவர் என்பதால் அந்த வகையில் பொருத்தம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தனித்தமிழ்ப் பட்டியல்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அங்கேயும் இதே கூத்துதான். சங்க இலக்கியத்தில் ஒரு பெயர் கிடைத்தால் போதும், ஓசையைக் கேட்டுப் பொருளை ஊகித்து எழுதிவிடுகிறார்கள். நன்னன் என்றால் நல்லவன். அவ்வளவுதான், விழா முடிந்தது. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக ஒரு பெண்ணைக் கொலை செய்து, ‘பெண்கொலை புரிந்த நன்னன்’ என்று குறுந்தொகையில் நிரந்தரமாகப் பதிந்துபோனவன் ஒரு நன்னன். மலைபடுகடாம் பாடப்பட்டது வேறொரு நன்னன் மேல், அவன் கொடையாளி. வைக்கிறவர்கள் எந்த நன்னனை நினைத்து வைக்கிறோம் என்றாவது தெரிந்து வைக்க வேண்டாமா? ஆதன் சேர மன்னர்கள் பெயரில் ஒட்டிக்கொண்டு வந்த சொல், கீழடிப் பானை ஓட்டிலும் இருக்கிறது. பிற்காலத்தில் அதே சொல்லுக்கு அறிவில்லாதவன் என்றும் ஒரு பொருள் ஏறிவிட்டது. இதைச் சொன்னவுடன் ஒரு வீட்டில் அந்தப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பெயர், அகராதியில் ஒரு வரி பார்த்ததும் அவுட். செங்கடல் கரையில் எகிப்தின் குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓட்டில் ஒரு தமிழன் தன் பெயரைச் சாத்தன் என்று கீறி வைத்திருக்கிறான். மணிமேகலை பாடியவர் பெயரும் சாத்தனார்தான். இன்று அந்தப் பெயரைச் சொன்னால், “சாத்தானா?” என்று அலறுகிறார்கள்.

நன்னூல் படித்த தலைமுறை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று இரண்டாகப் பிரிக்கும். காரணம் எதுவும் இல்லாமல் வழங்கி வருவது இடுகுறி: மரம், மண், கல். காரணம் பற்றி வருவது காரணப்பெயர்: பறப்பதால் பறவை. நம் வீட்டுப் பழைய பெயர்களில் முக்கால்வாசி காரணப்பெயர்கள். அந்தக் காரணத்தைச் சொல்ல அகராதி தேவைப்படவில்லை, ஆச்சியே போதும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பன் என்றால் ஊர்ச்சாமி. சங்கரநாராயணன் என்றால் சங்கரன்கோவில் ஆடித்தபசு. சொரிமுத்து என்றால் பாபநாசம் மலைக்கு மேலே காரையாற்றங்கரையில் இருக்கிற அய்யனார். செந்தில் என்பது கடற்கரை ஊரின் பழைய பெயர், அங்கே இருக்கிற சாமிக்கும் அதுவே பெயர், ஊரிலிருந்து பிள்ளைக்கு வந்தது. மதுரைக்கு அழகர்சாமி, பழனிக்குப் பழனிச்சாமி, கோயம்புத்தூருக்கு மருதாசலம், திருவையாற்றுக்கு ஐயாறப்பன். திருச்சியில் தாயுமானவன் என்று ஒரு பெயர் வைத்தால், பிரசவத்துக்குத் தாய் வந்து சேர முடியாத பெண்ணுக்குச் சாமியே தாயாக வந்து நின்ற கதை அந்தப் பெயரோடு வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு பெயரைச் சொன்னால் ஊர், சாமி, வேண்டுதல் மூன்றும் தெரியும்.

மதம் மாறியும் இது மாறவில்லை. தூத்துக்குடிக் கடற்கரைச் சவரிமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். சவேரியார் 1542-இல் வந்து மணப்பாட்டுக் குகையில் தங்கியவர். சவேரியார் என்கிற பெயர் ஸ்பெயினின் நவாரா பகுதியில் இருக்கிற அவர் பிறந்த கோட்டையின் பெயர். அந்தக் கோட்டையின் பெயருக்குப் பாஸ்க் மொழியில் புது வீடு என்று பொருள். அந்தப் புது வீடு கடல் கடந்து முத்துக்குளித்துறைக்கு வந்து, முத்தோடு சேர்ந்து சவரிமுத்து ஆகிவிட்டது. சின்னப்பன் என்ற பெயரைக் கேட்டால் யாரோ சின்ன அப்பா என்று நினைப்போம். அது புனித பவுல். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர், அதை நம் ஆட்கள் சின்னப்பர் ஆக்கினார்கள். எபிரேயத்தில் கடவுள் அருள்கூர்ந்தார் என்று பொருள்படும் யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் பொருள் பார்த்தவர்கள் இப்படிப் பார்த்தார்கள். நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டவரிடம் வேண்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு நாகூர் மீரான், சாகுல் ஹமீது. இவற்றில் ஒன்றுக்கும் யாரும் பட்டியல் பார்க்கவில்லை.

பொருளே கேவலமாக இருக்கிற பெயர்களுக்கும் காரணம் உண்டு. முதல் இரண்டு பிள்ளைகள் தவறிப்போய் மூன்றாவது பிறந்தால், அதைக் குப்பையில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, குப்பன் என்றும் குப்புசாமி என்றும் வைத்தார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கியதாகப் பேர் பண்ணி தவிட்டான். பிச்சை எடுத்து வளர்த்ததாக நேர்ந்துகொண்டு பிச்சை. எமன் பார்த்தால் இது வேண்டாத பிள்ளை என்று நினைத்து விட்டுவிட்டுப் போகட்டும் என்ற தந்திரம். பிள்ளை பிழைக்க வேண்டுமென்று ஒரு தாய் பட்ட பாடு அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

அரசியலிலும் அப்படித்தான். 1953 மார்ச் 1-இல் கருணாநிதிக்கு மகன் பிறந்தார், மார்ச் 5-இல் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார், இரங்கல் கூட்டத்திலேயே பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்று. ஸ்டாலின் என்றால் எஃகு மனிதன் என்று பொருள் தெரிந்து யாரும் வைக்கவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். வீட்டுக்குள் வந்தால், தாத்தா பெயரைத் தாங்கி வருகிறவன் என்பதால்தானே பெயரன், பேரன் ஆனான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் பிள்ளையை ‘பெரியவன்’, ‘ராசா’ என்று கூப்பிட்டுச் சமாளித்தார்கள்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு குறுக்குக் கேள்வி வரும். பழைய பெயர்கள் எல்லாம் அவ்வளவு உத்தமமா? இல்லை. எத்தனையோ பெயர்கள் சாதியை முகத்தில் எழுதி வைத்தவை. பெயரைக் கேட்டதும் எந்தத் தெரு என்று கண்டுபிடித்து, டம்ளரை மாற்றிய ஊர்கள் இவை. பெயரின் பொருளுக்குப் பட்டியல் போட்ட முதல் ஆட்களும் இப்போது வந்தவர்கள் இல்லை. மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் 31-ஆம் சுலோகம், பிராமணன் பெயரில் மங்கலமும், சத்திரியன் பெயரில் வலிமையும், வைசியன் பெயரில் செல்வமும், சூத்திரன் பெயரில் இழிவும் தோன்ற வேண்டும் என்று விதித்தது. பிள்ளைக்கு நல்ல பெயர் வைத்ததற்காகவே அடி வாங்கிய தகப்பன்கள் இருந்த நாடு இது. அப்படிப்பட்ட வீட்டில் மண்ணாங்கட்டியின் பேரன் ஆதித்யா என்று பெயர் வாங்கினால் நான் கைதட்டுவேன். அதற்கு இருக்கிற காரணம் எந்தக் காரணப்பெயருக்கும் குறைந்ததில்லை. வேதாசலம் மறைமலை ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் அந்த மாதிரிக் காரணங்களால்தான். பெயரை மாற்றி அவர்கள் ஒரு கட்சியில் நின்றார்கள், சண்டை போட்டார்கள். சும்மா ஓசைக்காக மாற்றவில்லை.

ஆகவே என் வழக்கு பழைய பெயருக்காக இல்லை, புதுப் பெயருக்கு எதிராகவும் இல்லை. காரணம் இல்லாத பெயருக்குப் பொய்ப் பொருளைக் காரணமாகக் காட்டுகிறீர்களே, அதன் மேல்தான். இடுகுறிப்பெயர் ஒன்றும் குற்றமில்லை. காதுக்குப் பிடித்திருந்தது, வைத்தோம் என்று சொல்லுங்கள், எவ்வளவு நேர்மையான பதில்! அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, இல்லாத சமஸ்கிருதத்தையும் இல்லாத சூரியக் கதிரையும் கூட்டி வந்து சபையில் நிறுத்துகிறீர்கள். அந்தப் பொருள்தான் வேண்டுமென்றால் பார்த்துச் சொல்ல வழி இல்லாத ஊரா இது? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகத் தமிழ்ப் பேரகராதி போட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை அடுக்கி வைத்திருக்கிறது. இன்று அதுவும் மோனியர் வில்லியம்ஸும், கூட்டுத்தொகை பார்க்கிற அதே போனில் இலவசமாகக் கிடைக்கின்றன. புடவைக்கு நிறம் பார்க்க நாலு கடை ஏறுகிறவர்கள், ஆயுள் முழுக்கப் பிள்ளை தூக்கிச் சுமக்கப்போகிற சொல்லுக்கு ஒரு பக்கம் திருப்ப மாட்டேன் என்கிறார்கள்.

அவசரமும் இல்லை. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும், பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், அதன் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அரசாங்கமே இவ்வளவு பொறுமையாக இருக்கும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆவதற்குள் அர்த்தத்தோடு பெயர் வேண்டும் என்று எனக்கு எதற்கு நடுராத்திரியில் போன்? அந்த ஒரு வருஷத்தில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, நம் குடும்பத்தில் யார் யார், எந்த ஊர், எந்தச் சாமி, எந்த மனுஷன் நமக்குச் சோறு போட்டான் என்று கேளுங்கள். பெயர் அங்கிருந்து எழுந்து வந்தாலும் வரும். வராவிட்டால் பிடித்ததை வையுங்கள்.

எட்டு வயதில் அந்தப் பையன் வந்து, “எனக்கு ஏம்ப்பா இந்தப் பேரு வச்சீங்க?” என்று நிச்சயம் கேட்பான். எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். அப்போது போனை எடுத்துப் பட்டியல் தேடாதீர்கள். “எங்க தாத்தா பேரு”, “அந்தக் கிரிக்கெட்காரன் மேல எனக்குப் பைத்தியம்”, “உங்க அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிச்சுது” என்று உண்மையான ஒரு வாக்கியம் கையில் இருக்கட்டும். அது இருந்தால் ஆரவ் என்று தாராளமாக வையுங்கள், நானே தொட்டிலை ஆட்டுகிறேன். அழைப்பிதழில் மட்டும் ‘அமைதி’ என்று அச்சடிக்காதீர்கள்.